பவர் பிரஸ் பலகையில் எழுதியிருக்கும் 50 டன் பொய்யா?

ஃப்ளைவீல்:
வேறொரு இழையில் எண்ணெய்க்கை எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. "மெக்கானிக்கல் பிரஸ்ஸில் 50 டன் என்று போட்டிருப்பது பொய், பட்டறை போடுகிறவர்கள் யோசிக்காமல் ஹைட்ராலிக் வாங்குங்கள்" என்கிறார். மெக்கானிக்கல் என்றால் கிராங்க் தண்டு சுழன்று அடிக்கும் நம் பவர் பிரஸ், ஹைட்ராலிக் என்றால் எண்ணெய் அழுத்தத்தில் ஓடுவது. கணக்குப் போட்டுப் பார்க்கலாமா? 2 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகட்டில் 100 மி.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்ட வேண்டும். சுற்றளவு 314, தடிமன் 2, வெட்டு வலிமை சதுர மி.மீ.க்கு 350 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 22 டன் சொச்சம். பஞ்ச் என்கிற மேல் வெட்டு அச்சிலிருந்து தகட்டைக் கழற்ற இன்னும் கொஞ்சம் சேர்த்தாலும் 50 டன் பவர் பிரஸ் அலுங்காமல் வெட்டும். இதில் பொய் எங்கே இருக்கிறது?

எண்ணெய்க்கை:
பொய்தான். அந்த 50 டன் ஸ்ட்ரோக்கில், அதாவது மேலிருந்து கீழே இறங்கும் தூரத்தில், எந்த இடத்தில் கிடைக்கும் என்று ஏன் சொல்லவில்லை? அடிமட்டத்துக்கு 6 மி.மீ. மேலே என்று கணக்கு வைத்திருப்பார்கள். ஸ்ட்ரோக் 100 மி.மீ. என்றால் நடுவில் கிராங்க் கொடுப்பது 24 டன்தான். தகட்டை ஆழமான கிண்ணமாக இழுக்கிறவருக்கு அந்த உயரத்திலேயே பலம் வேண்டும். ஹைட்ராலிக்கில் ராம், அதாவது ஏறி இறங்கி அடிக்கும் தலை, எங்கே இருந்தாலும் 50 டன் 50 டன்தான்.

ஃப்ளைவீல்:
நான் வட்டம் வெட்டுவதைப் பற்றிப் பேசுகிறேன், நீங்கள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். 2 மி.மீ. தகட்டை வெட்டும்போது பஞ்ச் தகட்டைத் தொடுவதே அடிக்குச் சில மி.மீ. முன்னால்தான். அங்கே 50 டன் முழுசாக இருக்கிறது. தகடு இல்லாத உயரத்தில் டன் இருந்து என்ன செய்ய?

புதுப்பட்டறை:
எனக்கு வாஷரும் சின்ன பிராக்கெட்டும்தான் வேலை. எதை வாங்கலாம்?

எண்ணெய்க்கை:
ஹைட்ராலிக் வாங்குங்கள். இன்றைக்கு வாஷர், நாளைக்குக் கிண்ணம் ஆர்டர் வந்தால் என்ன செய்வீர்கள்? நடு ஸ்ட்ரோக்கில் 24 டன். இதற்கு ஃப்ளைவீல் இன்னும் பதில் சொல்லவில்லை, எல்லோரும் கவனியுங்கள். பழைய காலத்து மெஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களிடம் பதில் வராது.

ஃப்ளைவீல்:
பழைய காலமா? ஜோசப் பிரமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியது 1795இல். உங்கள் மெஷின் ஒன்றும் நேற்றுப் பிறந்ததில்லை.
வாஷருக்கு ஹைட்ராலிக் சொல்கிறீர்களே, தகடு பட்டென்று முறியும் நொடியில் என்ன நடக்கும் என்று புதுப்பட்டறைக்குச் சொன்னீர்களா? அதுவரை அழுத்திக்கொண்டிருந்த பலம் முழுவதும் திடீரென்று விடுபட்டு ராம் கீழே குதிக்கும். நாள் முழுக்க அந்த அதிர்ச்சியை வாங்கினால் குழாய் இணைப்புகள் தளரும், ஆயில் கசியும், சீல் போகும். நிமிடத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக் என்ற பேச்சையே நீங்கள் எடுப்பதில்லை. வாஷர் அடிக்கிறவருக்குச் சோறு போடுவது வேகம்தான்.

டைபிட்டர்:
டன்னை விடுங்கள், ஃப்ரேமைப் பாருங்கள். முன்பக்கம் திறந்த சி ஃப்ரேம் லோடு ஏறும்போது வாய் பிளக்கும். பஞ்சுக்கும் கீழ் அச்சான டைக்கும் நடுவே ஒரு பக்கத்துக்குத் தகட்டுத் தடிமனில் 5 முதல் 10 சதவீதம்தான் இடைவெளி விடுகிறோம். 1 மி.மீ. தகட்டுக்கு அது 0.05 முதல் 0.1 வரை. ஃப்ரேம் சாய்ந்தால் ஒரு பக்கம் பிசிறு, மறுபக்கம் டை முனை உடையும். இரண்டு பக்கமும் தூண் உள்ள ஹெச் ஃப்ரேம் நேராக நிற்கும். இதை முதலில் பேசுங்கள்.

எண்ணெய்க்கை:
அதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம். 50 டன் எங்கே என்பதுதான் கேள்வி.

கைகாப்பு:
இரண்டு பேரும் விரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுழலும் சக்கரத்தோடு கிராங்கை ஒரு முளையால் பூட்டும் பின் கிளட்ச் உள்ள பவர் பிரஸ்ஸில் பெடலை மிதித்துவிட்டால் கிராங்க் ஒரு சுற்று முடிக்காமல் நிற்காது. கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தச் சொல்லும் லைட் கர்ட்டன் மாட்டியும் பயனில்லை, ஒளி மறைந்தாலும் ராம் இறங்கியே தீரும். அந்த முளை தேய்ந்திருந்தால் மிதிக்காமலே இரண்டாவது அடியும் விழும். டைக்குக் கூண்டு போடாத மெஷினை வாங்கச் சொல்லாதீர்கள்.

ஃப்ளைவீல்:
ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் என்று உராய்வில் பிடிக்கும் கிளட்ச் ஒன்று இருக்கிறது தம்பி. ஸ்ட்ரோக்கின் நடுவிலேயே நிறுத்தலாம். தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

கைகாப்பு:
தம்பி என்று கூப்பிட நீங்கள் யார்? பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு வருவது பெரும்பாலும் பின் கிளட்ச்தான். அதைத்தான் சொன்னேன்.

ஃப்ளைவீல்:
வயதைச் சொல்லிக் கூப்பிட்டதற்குக் கோபம், கிளட்ச் வகையைச் சொல்லாமல் மெஷினைத் திட்டுவதற்கு வெட்கமில்லை. லேத் பெல்ட் இழையிலும் இப்படித்தான் பாதி விஷயத்தை வைத்துக்கொண்டு குதித்தீர்கள்.

எண்ணெய்க்கை:
பார்த்தீர்களா, மறுபடியும் திசை திருப்புகிறார். நடு ஸ்ட்ரோக்கில் 24 டன். ஆமா இல்லையா?

ஃப்ளைவீல்:
அந்த 24 டன்னை நான் எங்கே மறுத்தேன்? அடிக்கு 25 மி.மீ. மேலே 27 டன் என்றும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். பலகையில் போட்டிருப்பது ஃப்ரேமும் கிராங்கும் அடிப்பக்கத்தில் தாங்கும் அளவு. அதைப் படிக்கத் தெரியாதவர் மெஷினைப் பொய் என்று சொல்லக் கூடாது. கிண்ணம் இழுக்க ஹைட்ராலிக் வைத்துக்கொள்ளுங்கள், யார் தடுத்தார்கள்? வெட்டுகிற வேலைக்கு பவர் பிரஸ்ஸைக் குறை சொல்ல உங்களிடம் ஒன்றும் இல்லை, அதனால்தான் சுற்றிச் சுற்றி அதே 24.

புதுப்பட்டறை:
வாஷருக்கு 22 டன்கூட வராது போலிருக்கிறதே? 30 மி.மீ. வெளிவிட்டம், 2 மி.மீ. தடிமன் போட்டுப் பார்த்தேன். 7 டன்கூட இல்லை. நடு ஓட்டைக்கு இன்னும் கொஞ்சம் சேரும். அப்புறம் எதற்கு 50 டன்?

எண்ணெய்க்கை:
அது வேறு விஷயம். பலகையில் 50 என்று போட்டுவிட்டு நடுவில் பாதிகூடத் தராத மெஷினுக்கு என்ன பெயர் என்று ஃப்ளைவீல் முதலில் சொல்லட்டும்.

ஃப்ளைவீல்:
பவர் பிரஸ் என்று பெயர். உங்கள் ஹைட்ராலிக் ஒரு வாஷர் அடிப்பதற்குள் அது நாலைந்து அடித்துப் போட்டிருக்கும். வேகத்துக்கு எப்போது பதில் சொல்லப் போகிறீர்கள்?

டைபிட்டர்:
ஃப்ரேமைப் பற்றி இன்னும் ஒருவரும் பேசவில்லை.