எழுதிக் கொடுத்த பிறகும் அடிக்கிறாரே, ஏன்?

ஈரோட்டுத் தம்பி:
அக்கா கணவர் போன வருடம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் "இனி அடிக்க மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குடியையும் விட்டுவிட்டார். குடிதான் காரணம் என்று நம்பியிருந்தோம். போன வாரம் அக்கா போனை எடுக்கத் தாமதமானதற்கு மறுபடி அடி. மறுநாள் காலையில் மல்லிகைப்பூ, அல்வா, அழுகை. இவர் மனதில் என்னதான் ஓடுகிறது? திருந்துவாரா?

குமார்:
யாரோ ஏற்றிவிடுகிறார்கள். தனிக்குடித்தனம் வைத்துப் பாருங்கள், சரியாகிவிடும்.

மலர்:
தனிக்குடித்தனமா? பார்க்கிற கண்களும் இல்லாமல் போய்விடும். நான் குடும்ப ஆலோசனை மையத்தில் வேலை பார்த்தவள். தம்பி, போன் விஷயம் எழுதியிருக்கிறீர்களே, முடிச்சு அங்கேதான். குடி துணிச்சலைக் கொடுக்கும், சந்தேகத்தைக் கொடுக்காது. இவள் நம்மை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் சிலருக்கு உள்ளே இருக்கும். அதைச் சொல்ல வெட்கம், கோபமாகக் காட்டுவது சுலபம். அடித்ததும் அவள் அடங்குகிறாள், இவருக்குப் பயம் தணிகிறது. அந்த ருசி கண்ட கைதான் மறுபடி நீளுகிறது.

அழுகையை நான் கணக்கில் எடுப்பதில்லை. என் முன்னால் அழுதவர்கள் சொன்ன கதை எல்லாம் "அவள் எதிர்த்துப் பேசினாள் மேடம்" என்றுதான் தொடங்கும், "நான் அடித்தேன்" என்று தொடங்காது. ஆலோசனையின்போது அடித்ததற்கு நியாயம் சொல்ல இடமில்லை என்று குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான 2006 விதிகளில் 14-வது விதியே சொல்கிறது. நடப்பில் பாதி நேரம் அந்த நியாயத்தைக் கேட்பதிலேயே போகும்! சரி, முதலாளி திட்டினால் இவர் கை நீட்டுவாரா?

ஈரோட்டுத் தம்பி:
அவர் முன்னால் உட்காரக்கூட மாட்டார் அக்கா.

மலர்:
அப்படியானால் கோபத்தை அடக்கத் தெரிந்தவர்தான். வெளியிலும் அடிதடி செய்கிற ரகம் வேறு. அமெரிக்காவில் டுலூத் நகரில் 1981-இலிருந்து மனைவியை அடிப்பவர்களுக்கென்றே வகுப்பு நடத்துகிறார்கள். இந்த மாதிரி வகுப்புகள் பற்றிய ஆய்வுகளை 2004-இல் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்த பலன் கொஞ்சம்தான். அதனால் அவர் திருந்தட்டும் என்று அக்கா காத்திருக்க வேண்டாம்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த தாள் நீதிமன்ற ஆணை ஆகாது. மாஜிஸ்திரேட் தரும் பாதுகாப்பு ஆணையை மீறினால் 2005 குடும்ப வன்முறைச் சட்டம் 31-வது பிரிவில் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள், மனுவுக்கு உதவுவார். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. மனு போடும்போது அக்கா உங்கள் வீட்டில் இருக்கட்டும். அவள் போகப்போகிறாள் என்று தெரிகிற சமயம்தான் ஆபத்து அதிகம்.