நினைத்ததெல்லாம் நடந்த பிறகு வரும் வெறுமை: நீங்கள் என்ன செய்தீர்கள்?

கேள்வி

எனக்கு வயது 44. கணக்குத் தணிக்கைத் துறையில் இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எதையெல்லாம் அடைய வேண்டும் என்று நினைத்தேனோ, அநேகமாக எல்லாம் நடந்துவிட்டது. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, மகளின் படிப்புக்கு எடுத்து வைத்தாயிற்று, போன வருடம் நிறுவனத்தில் பங்குதாரராகவும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கடிதம் வந்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒரு மாதம்கூட அது நிற்கவில்லை. மனசு அடுத்தது என்ன என்று தேட ஆரம்பித்தது. இதே வேலை, இன்னும் கொஞ்சம் பெரிய கிளையன்ட். அவ்வளவுதான் தெரிந்தது.

வேலை எனக்குப் பிடிக்கும், வீட்டிலும் சண்டை கிடையாது. அதனால்தான் யாரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை. "உனக்கென்ன குறை?" என்றுதான் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மா உட்கார்ந்தால் கை தானாக ஆபீஸ் மெயிலைத் திறக்கிறது. கல்லூரி நாட்களில் பென்சிலால் நிறைய வரைவேன். மறுபடி தொடங்கலாம் என்று ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். எப்போது தேறுவோம், எங்கே போட்டுக் காட்டலாம் என்ற கணக்கு உடனே வந்துவிட்டது. பென்சிலை எடுக்கவே அலுப்பாகி நின்றுவிட்டது.

வேலையை விடு, எங்காவது ஒதுங்கிப் போ என்ற யோசனைகள் வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே அதற்கு வெளியே நிறைவைத் தேடிக்கொண்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

மனநல ஆலோசகராக இருக்கிறேன், அதனால் முதலில் இதைக் கேட்டுவிடுகிறேன். தூக்கம், பசி எப்படி இருக்கின்றன? முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல், பெரும்பாலான நாட்கள் இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே போகிறதா? ஆம் என்றால் தாமதிக்காமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு வசதியாக இருப்பவர்களுக்கும் வரும், அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. அப்படி இல்லை என்றால் மற்றவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

பதில் 2

தம்பி, நான் மின்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஏறக்குறைய உங்கள் வயதில் எனக்கும் இது வந்தது.

சந்தோஷம் ஒரு மாதத்தில் கரைந்ததற்காக உங்களை நன்றிகெட்டவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மனசின் அமைப்பே அப்படித்தான். 1978இல் பிலிப் பிரிக்மன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் லாட்டரியில் பெரிய தொகை வென்ற 22 பேரை, வெல்லாத மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வென்றவர்கள் குறிப்பிடும்படி கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை. அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் குறைவாகவே இருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் என் அனுபவத்துக்கு அது ஒத்துவருகிறது.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது அந்தப் பென்சில். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், வரைவதென்றால் உயிரை விடும் மழலைப்பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து ஸ்கெட்ச் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்த குழந்தைகளுக்கோ ஆசை குறையவில்லை. வரைவதற்கு முன்பே பரிசு மனசில் வந்து உட்கார்ந்ததுதான் காரணம். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. உங்களுக்குத் திறமை போய்விட்டது என்று நான் நம்பவில்லை.

அதனால் வகுப்பு வேண்டாம். நல்ல நோட்டுப் புத்தகம்கூட வேண்டாம், ஆபீஸில் ஒரு பக்கம் அச்சான தாளின் பின்பக்கம் போதும். கண்ணில் படுவதை வரையுங்கள்: மகள் கழற்றிப் போட்ட செருப்பு, மேசை விளக்கு, உங்கள் இடது கை. யாருக்கும் அனுப்பாதீர்கள். முந்தைய படத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதையும் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். தேற வேண்டியதே இல்லாத ஓர் இடம் வாழ்க்கையில் இருக்க வேண்டும் தம்பி, இதை நான் மனசாரச் சொல்கிறேன்.

அது ஒரு பாதிதான். மறுபாதி, உங்களை யாராவது எதிர்பார்த்திருக்க வேண்டும், உங்கள் பதவியை அல்ல. பக்கத்து வீட்டில் பின்னங்கள் என்றாலே அழுகிற ஒரு சிறுமி இருந்தாள். ஒரு நாள் உதவப் போய், பிறகு அது வாராவாரம் ஆகிவிட்டது. வகுப்பில் முதலாக வர வேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பயம் போக வேண்டும், அவ்வளவுதான். நான் போகிற நேரத்துக்கு அவள் வாசலிலேயே நிற்பாள். அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கொடுத்ததை எந்தப் பதவி உயர்வும் கொடுக்கவில்லை.

ஹார்வர்டில் 1938இல் தொடங்கி இன்றும் தொடரும் ஆய்வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 724 ஆண்களின் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள், பிறகு மனைவிகளையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அதை நடத்தும் ராபர்ட் வால்டிங்கர் சொல்வது இது: 50 வயதில் தங்கள் உறவுகளில் யார் நிறைவாக இருந்தார்களோ, அவர்கள்தான் 80 வயதில் ஆரோக்கியமாக இருந்தார்கள். 50 வயதில் எடுத்த கொலஸ்ட்ரால் அளவைவிட அந்த நிறைவு நன்றாக முன்கூட்டிச் சொன்னதாம். உங்களுக்கு இன்னும் 50 ஆகவில்லை, நேரம் இருக்கிறது.

பதில் 3

அம்மா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பணத்தால் ஒன்றுமில்லை என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்காவில் ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று உளவியலாளர் கானமனும் பொருளாதார அறிஞர் டீட்டனும் 2010இல் எழுதியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் 2021இல் அதற்கு மாறாக, அந்த அளவைத் தாண்டியும் மகிழ்ச்சி கூடுகிறது என்ற முடிவை வெளியிட்டார். பிறகு கானமனும் அவரும் பார்பரா மெல்லர்ஸும் சேர்ந்து தரவை மறுபடி அலசி 2023இல் எழுதினார்கள். பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் ஏறிக்கொண்டே போகிறது. ஏற்கெனவே வருத்தத்தில் இருக்கும் சிறுபான்மையினருக்கு மட்டும் சுமார் 1,00,000 டாலருக்கு மேல் அது நின்றுவிடுகிறது.

சம்பாதித்தது வீண் இல்லை சார். ஆனால் இப்போதிருக்கும் வெறுமையை இன்னும் சம்பாதித்துத் தீர்க்க முடியாது. அந்தப் பணத்தை நேரமாக மாற்றுங்கள். பிடிக்காத வீட்டு வேலைக்கு ஆள் வைப்பதற்கு நான் முதலில் கூச்சப்பட்டேன். இப்போது சனிக்கிழமை காலை முழுவதும் என் அப்பாவோடு நடக்கப் போகிறேன்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. தூக்கம், பசி இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன. மேசை விளக்கை வரைந்தேன், கோணலாக வந்தது, நன்றாகவே இருந்தது. அம்மா, ஒரு சந்தேகம். எனக்கு நன்றாகத் தெரிந்தது கணக்குதான். ஒரு சின்னத் தொண்டு அமைப்பின் கணக்கை இலவசமாகப் பார்த்துக் கொடுக்கலாமா, இல்லை அதுவும் இன்னொரு ஆபீஸ் ஆகிவிடுமா?

பதில் 2 எழுதியவர்

கோப்பு மெயிலில் வந்து மெயிலிலேயே திரும்பிப் போனால் கட்டாயம் ஆபீஸ்தான். டெசி, ரயன் என்ற உளவியலாளர்கள் மனிதருக்கு மூன்று தேவைகள் என்கிறார்கள்: தானே விரும்பிச் செய்வது, கை தேர்ந்து செய்வது, மனிதர்களோடு சேர்ந்து செய்வது. இரண்டாவது உங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அதனால் நேரில் போங்கள். அங்கே கணக்கெழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரே செய்யும்படி கற்றுக்கொடுங்கள். வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் வருவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆண்டுக் கணக்கை முடிக்கிற மாதங்களில் தொடங்காதீர்கள், உங்கள் ஆபீஸிலும் அப்போதுதான் கழுத்து நெரியும். அந்த நெருக்கடி ஓய்ந்த பிறகு ஒரு தடவை போய்ப் பாருங்கள், அந்த மனிதர்களைப் பிடித்தால் ஒத்துக்கொள்ளுங்கள்.