'செட்டப்' என்பதற்குப் 'பண்ணமைவு' வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆர்சி பகி, அதாவது ரேடியோவால் தொலைவிலிருந்து இயக்கும் சிறு பந்தய வண்டி ஓட்டுபவர்கள், தடத்துக்கு ஏற்ப வண்டியைச் சரிப்படுத்துவதைச் 'செட்டப்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் நம்மிடையே இதுவரை வந்த சொற்கள் மூன்று: அமைப்பு, சீரமைப்பு, தடவிசைவு. மூன்றிலும் எனக்குத் தடை இருக்கிறது.

போன மாதம் ஒரு குறிப்பில் "கார்பெட் (கம்பளம் விரித்த) தடத்துக்காக அமைப்பை மாற்றினேன்" என்று எழுதினேன். படித்த தம்பி ஒருவர், "மோட்டாரை முன்னால் தள்ளிவிட்டீர்களா அண்ணா?" என்று கேட்டார். நான் மாற்றியதோ ஸ்பிரிங்கையும், அதிர்வுதாங்கிக்குள் ஊற்றும் ஷாக் ஆயிலையும்தான். அவர் கேட்டதில் பிழையே இல்லை. பின்சக்கரம் மட்டும் இழுக்கும், உண்மை வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள 1/10 பகியில் மோட்டார் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தால், எடை பின்சக்கரத்தில் அழுந்தி உதிரி மண்ணிலும் பிடி கிடைக்கும். பிடி தாராளமாக உள்ள கார்பெட்டில் அதை அச்சுக்கு முன்னால் கொண்டுவருவார்கள். வண்டி சட்டென்று திரும்பும். டிஎல்ஆர் 22 போன்ற வண்டியை இரண்டு விதமாகவும் பூட்டலாம். அமைப்பு என்றால் அதுதான், வண்டியின் கட்டுமானம். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே, தடத்தோர வேலையிடமான பிட்டில் உட்கார்ந்து மாற்றுவதற்கு வேறு சொல் வேண்டும்.

சீரமைப்பு என்றால் கெட்டுப்போனதைச் சரிசெய்வது. இங்கே எதுவும் கெடவில்லை. தடவிசைவு பொருளில் நல்ல சொல்தான், ஆனால் கண் அதை 'தடவி' என்றே முதலில் படிக்கிறது.

செட்டப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காலையில் தண்ணீர் தெளித்த களிமண் தடம் இறுகிப் பிடி கொடுக்கும். வெயில் ஏறியதும் மேலே தூசி படரும், பின்பக்கம் வழுக்கும். அப்போது மென்மையான ஸ்பிரிங், இலகுவான ஷாக் ஆயில், குச்சி குச்சியாகப் பல் வைத்த டயர் என்று போக வேண்டும். பள்ளம் மேடு இருந்தால் அடித்தட்டையும் தரையிலிருந்து சற்றுத் தூக்க வேண்டும். அதே வண்டியைக் கார்பெட்டில் விட்டால் வளைவில் டயர் பிடித்துக்கொள்ள, உடல் வெளிப்பக்கம் சாய்ந்து உருண்டே போகும். அங்கே தாழ்வான உயரம், கடின ஸ்பிரிங், கெட்டியான ஆயில், சாய்வைத் தடுக்கும் கம்பி. வண்டி ஒன்றுதான். தரைக்குத் தரை அதன் முறுக்கும் தளர்வும் மாறுகின்றன.

யாழுக்கு நம்மவர்கள் செய்தது இதுவேதான். பாட நினைத்த பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை முறுக்கி நிறுத்துவதைப் பண்ணல் என்றார்கள். சிலப்பதிகாரத்தின் கானல்வரி, யாழில் செய்யும் எட்டுச் செயல்களில் முதலாவதாக அதை வைக்கிறது. குதிரையையும் தேரையும் ஓட்டத்துக்கு ஆயத்தம் செய்வதற்கும் பழைய வழக்கில் பண்ணுதல்தான். கருவிக்கும் வண்டிக்கும் பொதுவாக ஒரு சொல் கையில் இருக்கும்போது அதை விட எனக்கு மனமில்லை. ஆகவே பண்ணமைவு. வினையாகவும் வரும்: பண்ணமைத்தான், பண்ணமைக்க வேண்டும். அளவுகளைக் குறித்துவைக்கும் தாள் பண்ணமைவுத் தாள்.

'பண்' என்றதும் தேவாரம்தான் நினைவுக்கு வரும் என்று சிலர் சொல்லக்கூடும். வரட்டும், பொருள் கெடாது. 'பண்ணு' இன்று எல்லாச் செயலுக்கும் தேய்ந்த சொல்லாகிவிட்டது என்பதுதான் வலுவான மறுப்பு. ஆனால் 'அமைவு' சேர்ந்ததும் அந்தத் தேய்வு மறைந்துவிடுகிறது, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. தரையின் ஈரம், இறுக்கம், தூசி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சொல் வேண்டும் என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். உழவர்கள் மண்ணுக்குப் பதம் பார்க்கிறார்களே, தடப்பதம் போதாதா? அப்புறம் குறிப்பு இப்படி வரும்: "மதியம் தடப்பதம் உலர்ந்துவிட்டது, பின் ஷாக் ஆயிலை இலகுவாக்கிப் பண்ணமைத்தேன்."

எனக்கு இது சரளமாக ஒலிக்கிறது. உங்கள் காதுக்கு எப்படி என்று எழுதுங்கள்.