ஜூன் விடுமுறையில் செக் ஜாவா: கடல் வற்றும் நேரத்தை எப்படிப் பார்ப்பது?

தெம்பனிஸ்வாசி

வணக்கம். உயர்நிலை ஒன்று, இரண்டில் படிக்கும் 16 பிள்ளைகளை ஜூன் விடுமுறையில் சிங்கப்பூரின் வடகிழக்கிலுள்ள புலாவ் உபின் தீவுக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்கிறோம். பெரியவர்கள் 5 பேர் கூட வருகிறோம். அடுக்குமாடியில் வளரும் பிள்ளைகளுக்கு, தாங்கள் வாழ்வது கடல் சூழ்ந்த ஒரு தீவில் என்பதே கண்ணில் படுவதில்லை. அந்தத் தீவின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா சதுப்புநிலத்தில் கடற்புல், கண்டல் (கரையோரச் சேற்றில் வளரும் மரம்), நட்சத்திர மீன் எல்லாம் காட்ட ஆசை. மூன்று சந்தேகங்கள்.

ஏற்ற வற்ற அட்டவணையில் 0.3 மீ., 1.2 மீ. என்று போட்டிருக்கிறதே, அது எதிலிருந்து அளந்த உயரம்? எந்த எண் வந்தால் போகலாம்? 21 பேருக்குப் படகு எப்படி? அன்றே பிற்பகலில் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போனால் வலசைப் பறவைகளைப் பார்க்க முடியுமா?

ஓதம்

தேதியை முடிவு செய்துவிட்டு நேரம் தேடாதீர்கள். கடல் வற்றும் நாளை முதலில் பிடியுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அட்டவணையில் உள்ள உயரம் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளந்தது அல்ல. கடல் ஏறக்குறைய முழுதாக வற்றும் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து அளக்கிறார்கள். நம் கடலில் சராசரி மட்டம் அந்தப் பூஜ்யத்துக்கு மேல் சுமார் 1.6 மீட்டர். பெரிய ஏற்றத்தில் 3 மீட்டரைத் தாண்டும். செக் ஜாவாவுக்கு 0.5 அல்லது அதற்குக் கீழே வேண்டும். 1 மீட்டர் என்றால் கரையோர மணல் கொஞ்சம் தெரியும், கடற்புல் திடல் நீருக்கடியில் இருக்கும். 1.5க்கு மேல் போனால் நடைபாலத்திலிருந்து வெறும் கடல்தான்.

இங்கே ஒரு நாளைக்கு இரண்டு முறை வற்றும், ஆனால் இரண்டும் ஒரே அளவாக இருக்காது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஆழமான வற்றம் விடியலை ஒட்டி வரும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை அது மாலைக்கு மாறிவிடும். ஜூன் மாதத்தில் சாயங்காலம் போய் ஏமாறுகிறவர்கள் நிறைய.

இப்போது சிக்கலான இடம். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் கடல் மிக ஆழமாக வற்றும். ஆனால் ஜூனில் அது பெரும்பாலும் காலை ஆறு, ஏழு மணிக்கு. செக் ஜாவா திறப்பதோ 8.30க்கு. ஆகவே அட்டவணையில் மிகச் சிறிய எண்ணைப் பார்த்து நாள் குறித்தால், நீங்கள் போய்ச் சேரும்போது தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். வற்றம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், பௌர்ணமியோ அமாவாசையோ கழிந்து மூன்றாம், நான்காம் நாளைப் பாருங்கள். 0.2 மீ. காலை 6.20க்கு என்று இருக்கும் நாள் உங்களுக்கு உதவாது. 0.5 மீ. 8.50க்கு என்று இருந்தால் அதுதான் உங்கள் நாள்.

தண்ணீர் எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதற்கு மாலுமிகளிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு. வற்றத்திலிருந்து ஏற்றம் வரை ஆறு மணி நேரம், மொத்த வித்தியாசம் 2.4 மீட்டர் என்று வையுங்கள். முதல் மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 20 செ.மீ. ஏறும். இரண்டாவதில் 40, மூன்றிலும் நான்கிலும் 60, பிறகு 40, 20. நம் கடலுக்கு இது துல்லியமில்லை, ஆனால் திட்டமிடப் போதும். பார்ப்பதற்கு நல்ல நேரம், வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும்தான்.

இன்னொன்று. தெற்குக் கரையிலுள்ள தஞ்சோங் பகார் நிலையத்தின் நேரத்தை அப்படியே உபினுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவின் ஜொகூருக்கும் இடையிலுள்ள ஜொகூர் நீரிணைக்குள் போகப் போக நேரம் பின்தங்கும். அட்டவணையில் சாங்கிப் பக்கத்து நிலையம் இருந்தால் அதைப் பாருங்கள்.

உபின்பாதை

தெம்பனிஸிலிருந்து 29ஆம் எண் பேருந்து சாங்கி வில்லேஜ் வரை போகும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சாங்கி முனை படகு முனையம். பம்போட் எனும் சிறு விசைப்படகு ஒன்றில் 12 பேர், ஒரு வழிக்கு ஆளுக்கு 4 வெள்ளி, ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்புவார்கள். உங்களுக்கு இரண்டு படகு தேவை. மீதி 3 இடத்துக்கும் நீங்களே கட்டிவிட்டால் காத்திருக்க வேண்டாம், மொத்தம் 96 வெள்ளி. வார இறுதியில் வரிசை நீளும், வாரநாளாகப் பாருங்கள்.

உபின் படகுத்துறையிலிருந்து செக் ஜாவா மூன்று கிலோமீட்டருக்கு மேல். பிள்ளைகளோடு நடந்தால் ஒரு மணி நேரம். வற்றம் 9 மணிக்கு என்றால் 8.30க்கு அங்கே நிற்க வேண்டும், 7 மணிக்குள் சாங்கி முனைக்கு வந்துவிடுங்கள். சைக்கிள் எடுத்தால் வேகம்தான், ஆனால் செக் ஜாவா உள்ளே சைக்கிள் விடமாட்டார்கள், நுழைவாயிலில் நிறுத்த வேண்டும். 16 பிள்ளைகள் மேடு பள்ளத்தில் ஓட்டுவதைவிட வேன் பிடிப்பது நல்லது.

சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிட வேண்டாம். குரங்கும் காட்டுப்பன்றியும் அந்தப் பைக்குத்தான் வரும். முதுகுப்பைக்குள் வைத்து ஜிப் போடுங்கள். விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

கண்டல்காடு

சுங்கை பூலோவை ஜூனில் சேர்க்காதீர்கள். வலசைப் பறவைகள் அங்கே செப்டம்பர் முதல் மார்ச் வரைதான். மேலும் அங்கே கணக்கு தலைகீழ்: கடல் ஏறும்போது சேற்றுத் திடல் மூழ்கிவிடும், பறவைகள் குளங்களுக்கு வந்து கூடும். ஆகவே ஏற்ற நேரத்தில் போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் பிள்ளைகள் களைத்துப்போவதுதான் மிச்சம்.

செக் ஜாவாவில் எல்லாரும் நேராகக் கடலோரப் பாலத்துக்கு ஓடுவார்கள். அது சுமார் 600 மீட்டர், வற்றம் இருக்கும்போது முதலில் அதை முடிப்பது சரிதான். ஆனால் 500 மீட்டர் கண்டல் சுற்றை விட்டுவிடாதீர்கள். அங்கே வேர்களைப் பார்த்து மரத்தை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கலாம். சேற்றிலிருந்து பென்சில் குச்சிகள் போல நூற்றுக்கணக்கில் நிமிர்ந்து நிற்பது வெண்கண்டலின் மூச்சுவேர். சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால் வேர் மேலே வந்து காற்று வாங்குகிறது. வளைந்து ஊன்றுகோலாய் இறங்குவது சுரபுன்னை. வெயில் ஏறிய பிறகு வெண்கண்டல் இலையைச் சாய்த்துப் பார்த்தால் உப்புப் படிகம் மினுக்கும். மரம் தேவையில்லாத உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. கீழே சேற்றில் தத்திக்கொண்டிருக்கும் உளுவை மீன்களையும், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகளையும் பார்க்க, ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். காலடி அதிர்ந்தால் எல்லாம் வளைக்குள் போய்விடும். ஐஸ் கச்சாங் எனும் துருவிய பனிக்கட்டி இனிப்பில் போடும் அத்தாப் சீ, கண்டல் காட்டில் வளரும் நீப்பா பனையின் விதை என்று சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது. ஏறிப் பார்க்கும் ஜெஜாவி கோபுரம் 21 மீட்டர் உயரம், அதைக் கடைசியில் வையுங்கள்.

ஒரு விஷயம் கட்டாயம் சொல்லுங்கள். செக் ஜாவாத் திடலை 2001இல் மண் கொட்டி நிரப்பத் திட்டம் இருந்தது. அங்குள்ள உயிர்களை ஆர்வலர்கள் ஆய்ந்து பதிவு செய்து காட்டிய பிறகு அது ஒத்திவைக்கப்பட்டது. 1960களில் சுமார் 581 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர் இன்று 730ஐத் தாண்டியிருக்கிறது. கூடிய நிலத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஆழமற்ற கரைகளின் மேல்தான் எழுந்தது. அதனால்தான் மிச்சமிருப்பது அருமையானது.

மண் கொட்டாவிட்டாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2006 டிசம்பர், 2007 ஜனவரியில் ஜொகூரில் பெருமழை கொட்டியபோது, ஆற்று நீர் நீரிணையில் கலந்து உப்பின் செறிவு இறங்கிவிட்டது. கடல் சாமந்தி, கடற்பஞ்சு, கடல் வெள்ளரி எல்லாம் கூட்டமாகச் செத்தன. நகர்ந்து போக முடியாத உயிர்களுக்கு ஒரு வாரத்து நன்னீரே போதும்.

தெம்பனிஸ்வாசி

மிக்க நன்றி. சுங்கை பூலோவை நவம்பருக்குத் தள்ளிவிட்டோம். இரண்டு கேள்விகள் மட்டும்: பாலத்திலிருந்து இறங்கித் திடலில் நடக்கலாமா? மழை வந்தால்?

ஓதம்

நீங்களாக இறங்கக்கூடாது. தேசியப் பூங்காக் கழகத்தின் வழிகாட்டி நடைக்குப் பதிவு செய்தால் மட்டுமே திடலில் கால் வைக்கலாம். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், இப்போதே பாருங்கள். அப்படி இறங்கினால் கணுக்காலை மூடிய காலணி அவசியம், செருப்பு உதவாது. நம் கரைகளில் கல்மீனும் திருக்கையும் மணலில் புதைந்து கிடக்கும். மிதித்தால் அன்றைய நாள் மருத்துவமனையில்தான். பாலத்திலிருந்து பார்ப்பதானால் நான்கு பேருக்கு ஒரு பைனாகுலர் போதும்.

ஜூனில் கவனிக்க வேண்டியது சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று மழை. விடியலிலிருந்து முற்பகலுக்குள் வரும், ஓரிரு மணி நேரம் இடியோடு அடித்துவிட்டு ஓயும். ஆறு மணிக்கு வானிலை ஆய்வகத்தின் மழை ரேடாரைப் பாருங்கள். மேற்கே நீளவாக்கில் வில் போல ஒரு பட்டை நகர்ந்து வந்தால் படகு ஏறாதீர்கள். திறந்த பாலத்தில் மின்னலுக்கு ஒதுங்க இடமில்லை. அப்படி ஆனால் பாசிர் ரிஸ் பூங்காவின் கண்டல் நடைபாதைக்கு மாற்றுங்கள். மழை விட்டதும் போகலாம், படகும் வேண்டாம். கடற்புல் கிடைக்காது, வேரும் நண்டும் உளுவையும் கிடைக்கும்.

கிளம்பும் முந்தின நாள் பூங்காக் கழக இணையத்தளத்தில் பாலம் ஏதும் பராமரிப்புக்காக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.