டோரேமான் மெட்டை அமைத்த ஷுன்சுகே கிகுச்சி

கேள்வி (கொழிஞ்சாம்பாறை)

வணக்கம். நான் இங்கே பிள்ளைகளுக்குக் கீபோர்டு கற்றுத்தருகிறேன். வகுப்புக்கு வரும் சிறுவன் ஒருவன் டோரேமானின் பழைய ஜப்பானியப் பாட்டைத் தானாகவே வாசித்துக் காட்டிவிட்டு, இதற்கு மெட்டமைத்தவர் யார் என்று கேட்டான். ஷுன்சுகே கிகுச்சி என்ற பெயரைத் தவிர என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. அவருடைய வாழ்க்கையையும், வாரந்தோறும் வந்த ஒரு தொடருக்கு அவர் ஆண்டுக்கணக்கில் எப்படி இசையமைத்தார் என்பதையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

டீச்சர், கிகுச்சி 1931 நவம்பர் 1 அன்று ஹொன்ஷு தீவின் வடகோடியிலுள்ள அஓமோரி மாகாணத்தில், ஹிரோசாகி நகரில் பிறந்தார். நிஹோன் பல்கலைக்கழகத்தின் கலைக் கல்லூரியில் பயின்று, 1961இல் திரைப்பட இசையமைப்பாளராக அறிமுகமானார். ஆனால் அவரை வீடுதோறும் கொண்டுசேர்த்தது தொலைக்காட்சிதான். 1969இல் டைகர் மாஸ்க், 1971இல் காமென் ரைடர், 1975இல் கிரெண்டைசர், 1979இல் டோரேமான் என்று அவர் இசையமைத்த தொடர்களின் வரிசை நீண்டது. டோரேமான் ஒன்றுக்கே 2005 வரை அவருடைய இசை ஒலித்தது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. அக்காலத்து ஜப்பானியத் தொடர்களில் இசையமைப்பாளர் ஒவ்வொரு வாரமும் காட்சியைப் பார்த்து இசையமைப்பது வழக்கமில்லை. தொடர் தொடங்கும் முன்பே அச்சம், துரத்தல், ஏக்கம், வெற்றி என உணர்வுவாரியாகக் குறிப்பு கொடுத்துவிடுவார்கள். அதற்கேற்ற சிறு இசைத்துண்டுகளை எழுதி மொத்தமாக ஒலிப்பதிவு செய்துவிட, இசைத்தேர்வுக்கென்றே இருக்கும் ஒருவர் அவற்றிலிருந்து பொருத்தமானதை எடுத்துக் காட்சியில் சேர்ப்பார். முகமறியாக் காட்சிக்கு எழுதிய துண்டு நூறு இடங்களில் பொருந்த வேண்டும், நூறாவது முறையும் அலுக்கக் கூடாது. கிகுச்சியின் மேதைமை அங்கேதான் இருப்பதாக நான் உறுதியாக நம்புகிறேன்.

பதில் (வேலந்தாவளம்)

மேலே சொன்னதோடு டிராகன் பால் என்ற கார்ட்டூன் தொடரையும் சேர்க்க வேண்டும். 1986 முதல் டிராகன் பாலுக்கும், 1989 முதல் 1996 வரை டிராகன் பால் இசட்டுக்கும் பின்னணி இசை அவருடையது. தொடக்கப் பாடல்கள் பிறருடையவை. அமெரிக்க ஆங்கிலப் பதிப்பில் 1999 முதல் வந்த பகுதிகளில் அவர் இசையை நீக்கிப் புதிய இசையைச் சேர்த்துவிட்டதால், அந்தப் பதிப்பைக் கண்டு வளர்ந்தவர்கள் பலர் கிகுச்சியைக் கேட்டதேயில்லை. பின்னர் டிராகன் பால் இசட்டின் மறுதொகுப்பான டிராகன் பால் காய் தொடரின் புதிய இசையில் பிறர் படைப்புகளைத் தழுவிய சிக்கல் எழுந்தபோது, 2011இல் அதை விலக்கிக் கிகுச்சியின் பழைய ஒலிப்பதிவுகளையே மீண்டும் சேர்த்தார்கள். அவர் 2021 ஏப்ரல் 24 அன்று, 89 வயதில், நிமோனியாவால் காலமானார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை வகுப்பில் ஒரே காட்சியை ஜப்பானியப் பதிப்பிலும் அமெரிக்கப் பதிப்பிலும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி, எது எந்த உணர்வுக்கு எழுதிய துண்டு என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லப்போகிறேன்.