கம்பெனி கட்டும் டாக்டர் சந்தா: 150க்கு மேல் அந்த 15 டாலர்

கணக்குப்பிள்ளை:
நேற்று வேலை மாறினவங்க இழையில் ஆஸ்டின் அண்ணாச்சி எழுதினதைப் படிச்சதிலிருந்து மனசு ஆறலை. அப்படியே எடுத்துப் போடுறேன்: "எங்க கம்பெனியில ஜனவரியிலிருந்து டிபிசி மெம்பர்ஷிப். ஆளுக்கு மாசம் 165 டாலர், முழுசும் கம்பெனியே கட்டுது. இனி இன்சூரன்ஸ் எதுக்கு? எச்எஸ்ஏவும் ஜம்முனு ஓடுது." இதுக்கு 41 லைக். படிச்சவங்க கூட்டம்தானே இது?

டிபிசின்னா டைரக்ட் பிரைமரி கேர். ஒரு பொது மருத்துவருக்கு மாசச் சந்தா, இன்சூரன்ஸ் பில் கிடையாது, எத்தனை தடவை வேணும்னாலும் போகலாம். 2025 ஜூலை 4ல் கையெழுத்தான அமெரிக்கச் சட்டப்படி, 2026 ஜனவரி 1 முதல் இந்தச் சந்தா இருந்தாலும் எச்எஸ்ஏவில், அதாவது மருத்துவச் செலவுக்கு வரியில்லாமச் சேர்க்கிற கணக்கில், பணம் போடலாம். ஆனா தனியாளுக்கு மாசம் 150 டாலர்தான் உச்சம், குடும்பத்தோட சேர்ந்தா 300. இவர் சொல்றது 165. அவ்வளவுதான், கதை முடிஞ்சது.

ஆஸ்டின் அண்ணாச்சி:
வாரும்வே ஆடிட்டரே. ஒரு வாரமா ஆளைக் காணோமேன்னு பார்த்தேன். 150க்கு மேல போனா அந்த 15 டாலருக்குத்தான பிரச்சனை? அந்தப் பதினஞ்சுக்கு வரி கட்டிட்டுப் போறேன். அதுவும் கட்டுறது கம்பெனி, நான் இல்ல. உமக்கு எங்க வலிக்கு?

கணக்குப்பிள்ளை:
தாண்டின 15க்கு மட்டும் இல்லை. 150ஐத் தாண்டினா அந்த ஏற்பாடே சட்டத்தின் கண்ணுக்கு டிபிசி இல்லை. பழைய நிலைமைதான்: அது இன்னொரு ஹெல்த் கவரேஜ், அப்போ எச்எஸ்ஏவில் போடத் தகுதியே கிடையாது. காசு கட்டுறது கம்பெனியா, மாமனாரான்னு சட்டம் கேட்காது. 2026ல் தனியாளுக்கு எச்எஸ்ஏ வரம்பு 4,400 டாலர். அத்தனையும் போட்டிருந்தா அத்தனையும் தப்புப் பணம். எடுக்காம விட்டா வருஷா வருஷம் 6 சதவீதம் தண்டம்.

ஆஸ்டின் அண்ணாச்சி:
லிப்டில ஆறு பேர்தான் ஏறலாம்னு போட்டிருக்கு. ஏழாவது ஆள் ஏறினா அவன்தான் இறங்கணும். லிப்டையே இடிச்சுப் போடுவீரோ?

கணக்குப்பிள்ளை:
ஏழாவது ஆள் ஏறினா லிப்டு நகராது அண்ணாச்சி. ஏழு பேரும் உள்ளேயே நிக்க வேண்டியதுதான்.

டாக்டரம்மா:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. அண்ணாச்சி, எச்எஸ்ஏ வேணும்னா கூடவே அதிக டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாம கட்டுற தொகை) உள்ள இன்சூரன்ஸ் இருந்தே ஆகணும். இன்சூரன்ஸே வேண்டாம்னு சொல்ற நீங்க எச்எஸ்ஏ எப்படி வச்சிருக்கீங்க? 150ஆ 165ஆங்கிறதுக்கு முன்னாடி இதைச் சொல்லுங்க.

நான் இன்சூரன்ஸ் எடுக்கிற கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். என் பட்டியலில் 2,000 பேருக்கு மேல். டிபிசிக்குப் போன என் தோழிக்கு 600 பேர். அவளால் ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம் கொடுக்க முடியுது, எனக்குப் பன்னிரண்டு நிமிஷம் கிடைச்சா பெரிசு. சுகர், பிரஷர் வச்சிருக்கிறவங்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனா இது இன்சூரன்ஸ் இல்லை. குடல்வால் அறுவை சிகிச்சைக்கு சந்தா உதவாது.

ஆஸ்டின் அண்ணாச்சி:
டாக்டரம்மாவே நல்ல ஏற்பாடுன்னு சொல்லிட்டாங்க. கேட்டீரா ஆடிட்டரே?

கணக்குப்பிள்ளை:
அவங்க சொன்னதில் பாதியைத்தான் படிச்சீங்க. 2024 பொங்கல் விழாவிலும் ரசீதில் பாதியைத்தான் படிச்சீங்க.

பிளேனோ புதுசு:
அண்ணா, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். எச்-1பி வேலை விசாவில் அமெரிக்கா வந்து எட்டு மாசம் ஆகுது. எங்க ஆபீஸிலும் டிபிசி கொடுக்கிறாங்க, மாசம் 90 டாலர். கூட இன்சூரன்ஸுக்கு அதிக டிடக்டிபிள் திட்டம் ஒண்ணு, பிபிஓன்னு வழக்கமான திட்டம் ஒண்ணு. மனைவிக்கு அஞ்சாம் மாசம். எதை எடுக்கிறதுன்னு தெரியலை. வெள்ளிக்கிழமைக்குள் ஃபாரம் கொடுக்கணும்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, 90ன்னா 150க்குள். எச்எஸ்ஏவுக்கு ஆபத்து இல்லை. மனைவியையும் சேர்த்து 180ன்னாலும் 300க்குள். பார்த்தீங்களா அண்ணாச்சி, ஒழுங்கான கம்பெனி எப்படி விலை வைக்குதுன்னு? ஆனா தம்பி, ஒண்ணு. கம்பெனி கட்டுற சந்தாவை நீங்களும் எச்எஸ்ஏவிலிருந்து எடுக்கக் கூடாது. சிலருக்கு ரெண்டு பக்கமும் சாப்பிட்டுப் பழக்கம்.

ஆஸ்டின் அண்ணாச்சி:
யாரைச் சொல்லுதீரு? பேரைச் சொல்லும்வே.

அம்பத்தூர் ஆனந்தி:
சிரிப்பா வருது. இதைத்தான் இந்தியத் தொழிலாளர்கள் நாங்க 1948 சட்டத்திலிருந்து ஈஎஸ்ஐன்னு அனுபவிக்கிறோம். சம்பளத்தில் 0.75 சதவீதம் எங்க பங்கு, முதலாளி 3.25. டிஸ்பென்சரியிலிருந்து கே.கே.நகர் ஆஸ்பத்திரி வரைக்கும் அதிலேயே. அமெரிக்காக்காரன் இப்பத்தான் டாக்டருக்குச் சந்தா கட்டலாம்னு கண்டுபிடிச்சிருக்கான். வாழ்த்துகள்.

கணக்குப்பிள்ளை:
ஈஎஸ்ஐயில் 'ஐ'ன்னா இன்சூரன்ஸ் மேடம். நாங்க பேசுறது இன்சூரன்ஸ் இல்லாதது. அதுவும் 21,000 ரூபாய்க்கு மேல சம்பளம் போனா உங்க ஈஎஸ்ஐ கிடையாது. அங்கேயும் ஒரு கோடு இருக்கு. கோட்டைத் தாண்டினா தாண்டின தொகைக்கு மட்டும்தான் போகுமா, மொத்தமா போகுமா? நீங்களே அண்ணாச்சிக்குச் சொல்லுங்க.

அம்பத்தூர் ஆனந்தி:
உங்க சண்டைக்கு என்னை சாட்சிக்கு இழுக்காதீங்க. வரிசையில் நின்னு மாத்திரை வாங்கினவங்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஸ்காபரோ சிவா:
இன்சூரன்ஸ், இன்சூரன்ஸ் எண்டு நூறு தரம் எழுதிப்போட்டியள். காப்புறுதி எண்டு நல்ல தமிழ்ச் சொல் இருக்கே. எங்கட கனடா ஒன்ராறியோவில குடும்ப வைத்தியரிட்டப் போனா ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை.

கணக்குப்பிள்ளை:
தமிழ்நாட்டில் அது காப்பீடு. முதலில் உங்க ஊரில் குடும்ப வைத்தியர் கிடைக்கிறாரான்னு பாருங்க, பிறகு சதத்தை எண்ணலாம்.

ஸ்காபரோ சிவா:
காப்பீடு எண்டா என்ன, பீடி மாதிரி ஒண்டோ?

டாக்டரம்மா:
பிளேனோ தம்பி, இவங்க சத்தத்தில் உங்க கேள்வி அமுங்கிடும். பிரசவம் டிபிசியில் வராது. மயக்க மருந்து கொடுத்துச் செய்ற எதுவும் வராது. அதனால் இன்சூரன்ஸ் திட்டத்தில் அவுட் ஆஃப் பாக்கெட் உச்சவரம்பு, அதாவது வருஷத்துக்கு உங்க கையிலிருந்து அதிகபட்சம் போற தொகை, எவ்வளவுன்னு முதலில் பாருங்க. சந்தாவைப் பார்த்து திட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீங்க. முக்கியமா, இப்போ பார்க்கிற மகப்பேறு டாக்டர் அந்த நெட்வொர்க்கில் இருக்காங்களா?

பொதுவா ஒண்ணு. 2020ல் அமெரிக்க ஆக்சுவரிகள் (இன்சூரன்ஸ் கணக்குப் போடுற நிபுணர்கள்) சங்கத்துக்காக ஒரு ஆய்வு வந்தது. ஒரு முதலாளியிடம் டிபிசி எடுத்தவங்க எமர்ஜென்சிக்குப் போறது சுமார் 40 சதவீதம் குறைஞ்சிருந்தது. ஆனா சந்தாவையும் கூட்டிப் பார்த்தா முதலாளிக்குக் குறிப்பிடத்தக்க மிச்சம் எதுவும் இல்லை.

ஆஸ்டின் அண்ணாச்சி:
40 சதவீதம்! நான் என்ன சொன்னேன்?

கணக்குப்பிள்ளை:
அடுத்த வரி: மிச்சம் இல்லை. மறுபடியும் பாதி ரசீது. இன்னொண்ணும் கேளுங்க. இந்த யோசனைக்கே முன்னோடின்னு பேசப்பட்ட சியாட்டில் கியூலையன்ஸ் (Qliance) கிளினிக் 2007ல் ஆரம்பிச்சு 2017ல் மூடியாச்சு. நாளைக்கு உங்க கிளினிக் ஷட்டரை இறக்கினா, இன்சூரன்ஸ் வேண்டாம்னு சொன்ன நீங்க எந்தக் கதவைத் தட்டுவீங்க? உங்க கம்பெனியில் எத்தனை பேர்? 50 அல்லது அதுக்கு மேல முழுநேர ஆட்கள் இருந்தா டிபிசி மட்டும் கொடுத்துத் தப்பிக்க முடியாது, அபராதம்.

ஆஸ்டின் அண்ணாச்சி:
38 பேர். அபராதமும் கிடையாது, உம்ம ஆசையும் நிறைவேறாது. டாக்டரம்மா கேட்டாங்களேன்னு சொல்லுதேன், இன்சூரன்ஸ் என் வீட்டுக்காரி ஆபீஸ் வழியா இருக்கு, அதிக டிடக்டிபிள்தான். "இனி இன்சூரன்ஸ் எதுக்கு"ன்னு எழுதினது ஒரு பேச்சுக்கு. எழுத்தெண்ணிப் படிக்க இது பத்திரமா? போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு பிள்ளைக்குக் காது வலி. டாக்டருக்கு மெசேஜ் போட்டேன், பத்து நிமிஷத்துல பதில். உம்ம இன்சூரன்ஸ்காரன் எடுப்பானா? "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்"னு பாட்டுத்தான் போடுவான்.

கணக்குப்பிள்ளை:
பிள்ளைக்குக் காது வலின்னா பிள்ளையும் சந்தாவில் இருக்கு. அப்போ வரம்பு 300. ஆளுக்கு 165ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ரெண்டு பேருக்கு 330. இப்போ 30 டாலர் அதிகம்!

ஆஸ்டின் அண்ணாச்சி:
பிள்ளைக்கு 40தாம்வே. மொத்தம் 205. முந்நூறுக்குள்ள வந்துட்டு பாத்தீரா!

கணக்குப்பிள்ளை:
நேற்று ஆளுக்கு 165, இன்னைக்குப் பிள்ளைக்கு 40. நாளைக்கு என்ன விலையோ? உங்க கம்பெனியில் கல்யாணம் ஆகாத பையன் இருப்பானே, அவனுக்கு 165தானே? அவன் எச்எஸ்ஏ போச்சா இல்லையா? ஆமா இல்லைன்னு ஒரே வார்த்தையில் சொல்லுங்க.

ஆஸ்டின் அண்ணாச்சி:
அவனுக்கு எச்எஸ்ஏவே கிடையாது.

கணக்குப்பிள்ளை:
இருந்திருந்தா?

ஆஸ்டின் அண்ணாச்சி:
இருந்திருந்தா அந்த 15 டாலருக்கு மட்டும்.

கணக்குப்பிள்ளை:
மொத்தமும்!

பிளேனோ புதுசு:
அக்கா, மகப்பேறு டாக்டர் பிபிஓவில்தான் இருக்காங்களாம். அப்போ டிபிசி எனக்கு மட்டும் எடுத்துக்கலாமா? பிபிஓவோட எச்எஸ்ஏ வராதுன்னு எச்ஆர் சொல்றாங்க, அது சரியா?

ஸ்காபரோ சிவா:
தம்பி, காப்புறுதி எண்டு எழுதும். அவங்கட சண்டை முடியாது.

கணக்குப்பிள்ளை:
தம்பி, அந்த பிபிஓ அதிக டிடக்டிபிள் திட்டம் இல்லைன்னா எச்ஆர் சொல்றது சரி. சிவா, சண்டை இல்லை, கணக்கு. அண்ணாச்சி, ஆளுக்கு 165ங்கிற உங்க கம்பெனி மெயிலைப் படம் எடுத்துப் போடுங்க. நான் காத்திருக்கேன்.

ஆஸ்டின் அண்ணாச்சி:
போடுதேன். அதுக்கு முன்னாடி, 2024 பொங்கலுக்குப் பிள்ளைகள் தட்டு ஒண்ணுக்கு 15 டாலர் நான் அதிகமா வாங்கினேன்னு சங்கத்து வாட்ஸாப்பில எழுதினீரே, அந்த ரசீதை நீர் போடும்.