தம்பி லேப்டாப்பில் என் கேம் எதுவுமே ஓடவில்லை, அவசரம்

பாலக்கோட்டுப் பையன்:
அண்ணன்களே, காசு சேர்த்துச் சேர்த்து வாங்கிய கேம் 23 இருக்கிறது. தம்பி லீவுக்கு வந்திருக்கிறான், ஞாயிறு ராத்திரி பஸ் ஏறிவிடுவான். அவன் லேப்டாப்பில் எதைத் திறந்தாலும் விலைதான் காட்டுகிறது. என்ன செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓசூர் நைட் ஷிப்ட்:
எந்த ஆன்லைன் கேம் கடையில் வாங்கினீர்கள் தம்பி? ஸ்டீமா, எபிக்கா? ஸ்டீம் என்றால், கேமைப் பகிர்ந்துகொள்ளும் ஃபேமிலி குழுவில் அவனைச் சேர்த்தாயிற்றா?

மாந்தோப்பு:
நெட் பிரச்சினையாகத்தான் இருக்கும். காவேரிப்பட்டணத்தில் எங்களுக்குக் காற்றடித்தாலே கேபிள் போய்விடும். ரூட்டரை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள்.

மூத்தவன்:
தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் கிடையாது. நீங்கள் விளையாடிக்கொண்டிருந்தால், வாங்கிய கேமெல்லாம் இருக்கும் உங்கள் லைப்ரரி முழுக்க மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும். வெளியே வாருங்கள், அவனுக்குத் திறக்கும். இது அடிப்படை.

ஓசூர் நைட் ஷிப்ட்:
அண்ணே, அது பழைய கதை. 2024 செப்டம்பரில் ஸ்டீம் ஃபேமிலீஸ் எல்லோருக்கும் வந்த பிறகு, நான் ஒரு கேம் ஆடும்போதே என் லைப்ரரியிலிருந்து அக்கா வேறொன்று ஆடுகிறாள். ஒரே கேமை ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆடத்தான் ரெண்டு பிரதி வேண்டும். மொத்தம் 6 பேர் இருக்கலாம்.

மூத்தவன்:
சரி, மாறியிருக்கலாம். இருந்தாலும் சொந்தம் என்றால் சிடிதான்.

மாந்தோப்பு:
அதைச் சொல்லுங்கள்! நான் வாங்கிய ஒரு சிடி எங்கள் தெருவில் நாலு வீடு சுற்றி வந்தது. கேமை நிறுவும்போது கேட்கும் கீ எண்ணை உறையின் உள்பக்கம் நீல மையில் எழுதி வைத்திருந்தேன், கை வியர்வையில் கடைசி ரெண்டு எழுத்து அழிந்தே போயிற்று.

ஓசூர் நைட் ஷிப்ட்:
நாலு வீட்டுக்கு ஒரே கீ போடுவது அன்றைக்கும் தப்புதான். சிடியிலும் நாம் வாங்கியது கேமை ஆடும் உரிமம்தான். இப்போது டிஜிட்டலாக விற்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லி விற்க வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2025 முதல் சட்டமே இருக்கிறது.

மாந்தோப்பு:
சட்டம் இருக்கட்டும். அண்ணன் வாங்கியதைத் தம்பி ஆடுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

பாலக்கோட்டுப் பையன்:
ஸ்டீம்தான், சொல்ல விட்டுப்போயிற்று. அழைப்பு அனுப்பினேன், இப்போது சேர முடியாது என்று வருகிறது. ஹாஸ்டலில் ரூம்மேட் ஃபேமிலியில் சேர்ந்துவிட்டுப் போன மாசம்தான் விலகினானாம்.

ஓசூர் நைட் ஷிப்ட்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அது ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கான ஏற்பாடு. ஒன்றிலிருந்து விலகியவர் அடுத்ததில் சேர ஒரு வருஷம் ஆகும்.

மூத்தவன்:
அப்படியானால் இன்னும் 11 மாசம்.

ஓசூர் நைட் ஷிப்ட்:
இல்லை அண்ணே, விலகிய நாள் கணக்கில்லை, அங்கே சேர்ந்த நாளிலிருந்துதான் ஒரு வருஷம். எப்போது சேர்ந்தான் என்று கேளுங்கள் தம்பி. இன்னொன்று, உங்கள் கேமில் அவன் ஏமாற்றி ஆடித் தடை வாங்கினால் அந்தக் கேமில் உங்களுக்கும் தடை விழும். அதை இப்போதே அவனிடம் சொல்லி வையுங்கள்.

பாலக்கோட்டுப் பையன்:
போன வருஷம் டிசம்பர் முதல் வாரம் சேர்ந்தானாம். பொங்கலுக்கு வரும்போது சேர்த்துக்கொள்கிறேன். இப்போதைக்கு என் லேப்டாப்பிலேயே மாறி மாறி ஆடுகிறோம். நன்றிண்ணா.